பக்கக்காற்றில் பின்தங்கியது ஏன்?

வாசகர் கேள்வி (சுருக்கம்):

மூன்று ஆண்டுகளாக அமெச்சூர் பிரிவில் சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொள்கிறேன். என் எடை 58 கிலோ. ஏற்றப் பாதைகளில் என்னைத் தாண்டிப் போகிறவர்கள் மிகக் குறைவு. சென்ற வாரயிறுதியில் சனிக்கிழமை 20 கிலோமீட்டர் தனிநபர் நேர ஓட்டமும் (ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடுவது) ஞாயிற்றுக்கிழமை 84 கிலோமீட்டர் சாலைப் பந்தயமும் இருந்தன. இரண்டு நாளும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. சனிக்கிழமை எதிர்காற்றில் முதல் 4 கிலோமீட்டரை 290 வாட் (மிதிக்கும் ஆற்றலின் அளவு) கொடுத்து மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினேன். அதன்பின் கால்கள் ஓய்ந்துபோய், திருப்பம் வரை 190 வாட்டுக்கு மேல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சுற்றில், மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் வலப்பக்க வளைவுக்குப் பிறகு கூட்டம் சிதறியது. சாலையின் வலது ஓரத்தில் ஒற்றை வரிசையில் ஆறு நிமிடம் 280 வாட்டில் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு விடுபட்டுப் போனேன். 280 என்பது சாலைப் பந்தயத்தில் நான் ஆறு நிமிடத்துக்கு இதுவரை எட்டாத அளவு. பிறகு தனியாக ஓட்டி, 11 நிமிடம் பின்னால் முடித்தேன். இடையில் ஒரு வீச்சுக்காற்று விளிம்பு 60 மில்லிமீட்டர் ஆழமுள்ள என் சக்கரத்தைப் பிடித்துச் சாலையின் பாதி அகலத்துக்குத் தள்ளியது. எனக்குப் பலம் போதவில்லையா? எடை கூட்ட வேண்டுமா? சக்கரங்களை விற்றுவிடவா? அடுத்த மாதம் அதே பாதையில் இன்னொரு பந்தயம் இருக்கிறது, போகலாமா?

பயிற்சியாளர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தோடு இரண்டு நாள் பதிவுகளையும் இணைத்து அனுப்பியிருந்தது பெரிய உதவியாக இருந்தது. அவற்றைப் பார்த்த பிறகு உங்கள் முதல் கேள்விக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்ல முடிகிறது: பலம் குறையவில்லை. சாலைப் பந்தயத்தில் முதல்முறையாக ஆறு நிமிடம் 280 வாட் கொடுத்த ஒருவர் அன்றைக்குப் பலவீனமாக இருந்தார் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார். அந்த 280 வாட்டைச் சாலையில் எந்த இடத்தில் இருந்துகொண்டு செலவழித்தீர்கள் என்பதில்தான் பிழை. அந்தப் பிழையும் வளைவில் நடந்ததல்ல, வளைவுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே நடந்துவிட்டது. ஆகவே சனிக்கிழமையைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன்.

நேராக எதிர்காற்று வீசும்போது ஒருவருக்குப் பின்னால் ஒருவராக ஒட்டிப் போனால் எல்லோருக்கும் காற்றிலிருந்து மறைவு, அதாவது 'நிழல்', கிடைக்கும். எழுபது பேர் இருந்தாலும் எழுபதாவது ஆளும் பிழைத்துக்கொள்வார். பக்கக்காற்றில் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. நீங்கள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இடப்பக்கத்திலிருந்து மணிக்கு 18 அல்லது 20 கிலோமீட்டர் காற்று வீசினால், இரண்டும் சேர்ந்து உங்கள் உடலின்மேல் படும் காற்று நேர் முன்னாலிருந்து வராமல் சுமார் 25 பாகை இடது சாய்வில் வருகிறது. எனவே முன்னால் போகிறவருடைய காற்று நிழல் அவருக்கு நேர் பின்னால் விழுவதில்லை. பின்னாலும் வலப்பக்கமுமாக, ஏறக்குறைய ஒரு கை நீளத்துக்கு விலகி விழுகிறது. நிழலில் இருக்க வேண்டுமானால் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்கு வலப்பக்கத்தில், சில வேளை அதன் அருகில் வரை ஏறி நிற்க வேண்டும். அடுத்தவர் உங்களுக்கு வலப்பக்கம், அதற்கடுத்தவர் அவருக்கு வலப்பக்கம் என்று இது சாலையின் குறுக்கே சாய்ந்த வரிசையாக விரிந்துகொண்டே போகிறது. நெதர்லாந்துக்காரர்கள் தங்கள் மொழியில் இதை 'விசிறி' என்றே அழைக்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

விசிறி விரிவதற்குச் சாலையின் அகலம் வேண்டும். ஆறு மீட்டர் அகலச் சாலையில் பத்து, பன்னிரண்டு பேருக்குத்தான் அதில் இடம். பன்னிரண்டாவது ஆள் சாலையின் வலது விளிம்பைத் தொட்டுவிட்டால் பதின்மூன்றாவது ஆளுக்கு வலப்பக்கத்தில் போக இடமில்லை, புல்தான் இருக்கிறது. அவர் நேர் பின்னால் நிற்கிறார், அங்கே நிழல் இல்லை. அவருக்குப் பின்னால் வருகிற ஒவ்வொருவரும் விளிம்புக் கோட்டின்மேல் ஒற்றை வரிசையில் தொங்குகிறார்கள். விசிறிக்குள் இருக்கிறவர் சில விநாடிகள் முன்னால் நின்று காற்றைத் தாங்கிவிட்டு, மீதி நேரமெல்லாம் அடுத்தவர் நிழலில் இளைப்பாறுகிறார். விளிம்பில் இருக்கிறவரோ ஒவ்வொரு விநாடியும் முன்னணி ஆளுக்குச் சற்றே குறைந்த உழைப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். நீங்கள் 280 வாட் கொடுத்த அந்த ஆறு நிமிடத்தில், உங்களுக்கு நூறு மீட்டர் முன்னால் விசிறிக்குள் போய்க்கொண்டிருந்தவர்கள் உங்களைவிடக் குறைவாகத்தான் உழைத்திருப்பார்கள். நீங்கள் விடுபட்டதில் வியப்பில்லை. ஆறு நிமிடம் தாக்குப்பிடித்ததுதான் எனக்கு வியப்பு.

இப்போது அந்த வளைவுக்கு வருவோம். உங்கள் பதிவில் மூன்றாவது சுற்றின் 16-ஆவது கிலோமீட்டரிலிருந்து 18-ஆவது கிலோமீட்டர் வரை உங்கள் உழைப்பு சராசரியாக 140 வாட், நாடித்துடிப்பும் இறங்கியிருக்கிறது. மரங்களின் மறைவில் கூட்டத்தின் நடுவே, நாற்பதாவது இடத்தில், நிம்மதியாக உருண்டுகொண்டிருந்தீர்கள். அதே இரண்டு கிலோமீட்டரில் அந்தப் பாதையை அறிந்த பத்துப் பேர் ஓசையில்லாமல் முன்னே நகர்ந்திருப்பார்கள். முதல் இரண்டு சுற்றிலும் அந்த வெட்டவெளியைக் கடந்தபோது கூட்டம் இழுபட்டு நீண்டு மீண்டும் சேர்ந்துகொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டு முறை கிடைத்த எச்சரிக்கை. மூன்றாம் முறை யாராவது முழு வேகத்தில் வளைவைக் கடந்து முறுக்குவார்கள் என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மறைவில் மிச்சம்பிடித்த வாட்டுகளை அங்கேயே செலவழித்து முதல் பதினைந்து பேருக்குள் வந்திருந்தால், 250 வாட்டில் ஒரு நிமிடம் உழைத்ததோடு வேலை முடிந்திருக்கும்.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இத்தொழிலில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கே இது நேர்கிறது. மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், 2020-இல் ஏழாவது நாள், லாவோர் நகரை நோக்கிய கட்டத்தில், பக்கக்காற்றில் கூட்டம் உடைந்தபோது ஸ்லோவேனிய வீரர் ததேய் பொகாச்சார் பின்னால் மாட்டிக்கொண்டு 1 நிமிடம் 21 விநாடி இழந்தார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பந்தயத்தையே 59 விநாடி முன்னிலையில் வென்றவரும் அவரே. ஏழாவது நாளும் அவர் கால்களில் பலம் இருந்தது, இடம்தான் தவறியிருந்தது.

முன்னால் வர முடியாமல் போய்விட்டது, விசிறி நிரம்பிவிட்டது, நீங்கள் விளிம்பில் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது செய்யக்கூடாத ஒன்றைத்தான் நீங்கள் செய்தீர்கள், அதாவது முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே தொங்கினீர்கள். செய்ய வேண்டியது, விளிம்பை விட்டுக் காற்று வரும் பக்கமாக, உங்கள் பாதையில் இடப்பக்கமாக, துணிந்து வெளியே வந்து, பின்னால் வருகிறவர்களைக் கூவி அழைத்து இரண்டாவது விசிறியைத் தொடங்குவதாகும். முதல் விசிறிக்கும் உங்களுக்கும் இடையில் உடனே ஐம்பது மீட்டர் இடைவெளி விழும். அதைப் பார்த்து மனம் பதறும். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து சுழலும் இரண்டாவது விசிறி, ஒற்றை வரிசையில் தொங்குகிறவர்களைவிட நீடித்து ஓடும். சாலை திரும்பிக் காற்றின் திசை மாறும்போது முன்கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளவும் வாய்ப்பிருக்கும். இதைச் சொல்ல யாராவது ஒருவர் வாய் திறக்க வேண்டும். அமெச்சூர் பந்தயங்களில் அந்த ஒருவர் பெரும்பாலும் இருப்பதில்லை. முப்பது பேரும் அடுத்தவர் செய்வார் என்று காத்திருந்து ஒவ்வொருவராக உதிர்ந்துபோவார்கள். நானும் என் முதல் பருவத்தில் அப்படி உதிர்ந்த ஒருவன்தான்.

விசிறிக்குள் சுழல்வதற்கும் முறை உண்டு. நிழலான பக்கத்து வரிசை முன்னேறும். முன்னால் வந்தவர் காற்று வரும் பக்கமாக விலகி, மிதிப்பதைச் சற்றே தளர்த்திப் பின்னால் வருவார். பின்வாங்கும் வரிசை முன்னேறும் வரிசைக்குத் திரையாக நிற்கும். இதில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று. தம் முறை வந்ததும் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். கூட்டினால் பின்னால் இடைவெளி விழும், விசிறி கிழியும். முறை வந்தால் மிதியின் வேகம் மாறாமல் அப்படியே கடந்துபோய், உங்கள் பின்சக்கரம் பக்கத்திலிருப்பவரின் முன்சக்கரத்தைத் தாண்டியதும் விலகினால் போதும். இன்னொரு எச்சரிக்கை: உங்கள் முன்சக்கரம் இன்னொருவருடைய பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் இணைந்து நிற்கும் நேரம் இது. இரண்டும் உரசினால் கீழே விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான்.

சனிக்கிழமையின் கதை வேறு. அங்கே இடம் தவறவில்லை, கணக்குத் தவறியது. காற்றில்லாத நாளில் 225 வாட்டுக்கு மணிக்கு 36 கிலோமீட்டர் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். வானிலை அறிக்கையின் காற்று, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவது. சைக்கிளில் குனிந்திருக்கும் உங்கள் உயரத்தில், வெட்டவெளியில் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆகவே உங்கள் முகத்தில் பட்டது மணிக்கு 18, 19 கிலோமீட்டர். காற்றின் தடை, உங்கள் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்த தொகையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அதே 225 வாட்டுக்கு எதிர்காற்றில் கிடைக்கக்கூடிய வேகம் மணிக்கு 26 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நீங்கள் 29-ஐப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். "29-தானே, மெதுவாகத்தானே போகிறேன்" என்ற எண்ணம் உங்களை எட்டு நிமிடத்தில் எரித்துவிட்டது. காற்றுள்ள நாளில் வேகம் காட்டும் எண்ணைத் திரையிலிருந்தே எடுத்துவிடுங்கள். வாட்டும் நேரமும் மட்டும் இருக்கட்டும்.

போகும்போது தடுத்த காற்று திரும்பும்போது தள்ளிவிடும், கணக்குச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். சரியாகாது. 10 கிலோமீட்டர் போய்த் திரும்பும் உங்கள் பாதையில், முழுவதும் 225 வாட் என்று வைத்துக் கணக்கிட்டால், எதிர்காற்றில் 23 நிமிடத்துக்கு மேலும் பின்காற்றில் 12 நிமிடத்துக்குச் சற்று மேலும் ஆகும். காற்றில்லாத நாளைவிட மொத்தம் சுமார் இரண்டரை நிமிடம் கூடுதல். தடுக்கும் காற்றில் நெடுநேரம் இருக்கிறீர்கள், உதவும் காற்றில் கொஞ்ச நேரமே இருக்கிறீர்கள், அவ்வளவுதான் காரணம். அதனால்தான் கூடுதல் உழைப்பை எதிர்காற்றில் வைப்பது லாபம். ஆனால் அது கொஞ்சம்தான் கூட வேண்டும். போகும்போது 236 வாட்டும் திரும்பும்போது 205 வாட்டும் கொடுத்தால் நேரத்தைக் கணக்கில் கொண்ட சராசரி அதே 225 தான், ஆனால் பதின்மூன்று விநாடி மிச்சமாகும். ஐந்து சதவீதக் கூடுதல் லாபம் தரும். நீங்கள் கொடுத்த இருபத்தொன்பது சதவீதம் கால்களை முறித்துவிடும்.

எடை பற்றிய கேள்வி நியாயமானது, ஆனால் விடை நீங்கள் நினைத்த திசையில் இல்லை. ஏற்றத்தில் ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்பது முடிவு செய்கிறது. 58 கிலோவுக்கு 225 வாட் என்பது ஏறக்குறைய 3.9, அமெச்சூர் பிரிவில் மதிக்கத்தக்க எண். சமதளக் காற்றில் எடைக்குப் பெரிய மதிப்பில்லை. காற்று பார்ப்பது உங்கள் உடலும் சைக்கிளும் முன்னால் காட்டும் பரப்பளவை. 75 கிலோ ஆள் உங்களைவிட முப்பது சதவீதம் கனமானவர், ஆனால் காற்றுக்குக் காட்டும் பரப்பு அவ்வளவு கூடுவதில்லை. அவருடைய கால்களோ உங்களைவிட ஐம்பது, அறுபது வாட் அதிகம் தரும். ஆகவே காற்றடிக்கும் சமதளம் பொதுவாகச் சிறிய உடலுக்கு எதிரானது என்பது உண்மை. அதற்காகச் சாப்பிட்டு எடை கூட்டினால் ஏற்றத்தில் இருக்கும் சாதகத்தையும் இழப்பீர்கள். முழங்கையை மடித்து, முன்கையைத் தரைக்கு இணையாக வைத்து, தலையைத் தோளுக்குள் இறக்கி இருபது நிமிடம் இருக்கப் பழகுவதே உங்களுக்கு மலிவான வழி. நீங்கள் அனுப்பிய படத்தில் கைகள் நேராக நீட்டியிருக்கின்றன, மார்பு பாய்மரம்போல் நிமிர்ந்திருக்கிறது.

சக்கரங்களை விற்க வேண்டாம். பின்சக்கரம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பெரிய தொல்லை தராது; அது உங்கள் எடையின் பெரும்பகுதியைச் சுமக்கிறது, திரும்பவும் திரும்பாது. முன்சக்கரம்தான் வீச்சுக்காற்றில் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்புகிறது. ஆகவே முன்பக்கத்துக்கு மட்டும் 30 முதல் 40 மில்லிமீட்டர் ஆழமுள்ள சக்கரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தவரைக் காற்று எளிதில் தள்ளும் என்பதால் இது உங்களுக்கு மற்றவர்களைவிட அவசியம். 2015-இல் பெல்ஜியத்தின் கெண்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் வேல்ஸ் வீரர் ஜெரைண்ட் தாமஸைக் காற்று சாலையிலிருந்து தூக்கிப் புல்லில் எறிந்தது; அவர் எழுந்து வந்து மூன்றாவதாக முடித்தார். அன்று புறப்பட்ட இருநூறு பேரில் 39 பேர்தான் எல்லையைத் தொட்டார்கள். நல்ல சக்கரத்தைவிட முக்கியமானது, காற்று எங்கே திடீரென்று மாறும் என்று முன்கூட்டியே பார்ப்பது: மதில் முடியும் இடம், மரவரிசையில் ஒரு இடைவெளி, பாலத்தின் தொடக்கம். மறைவு வரும்போதும் ஆபத்துண்டு, ஏனென்றால் காற்றின்மேல் சாய்ந்து போய்க்கொண்டிருப்பவருக்குத் திடீரென்று சாய்மானம் இல்லாமல் போகும். அத்தகைய இடங்களில் ஹேண்டிலின் கீழ்ப்பகுதியைப் பிடித்து, முழங்கையைத் தளர்வாக வைத்து, மிதிப்பதை நிறுத்தாமல் கடந்துபோங்கள். கைகளை இறுக்கினால் தோளில் படும் காற்றையும் சேர்த்து முன்சக்கரத்துக்கு அனுப்புவீர்கள். உங்களைத் தள்ளிய வீச்சின்போது இரு கைகளும் பிரேக்கின் மேற்பகுதியில் இருந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

போகிறபோக்கில் ஒரு வரியில் நீங்கள் எழுதியிருந்த இன்னொன்று என் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாட்டில்களோடு புறப்பட்டு, ஒன்றரை பாட்டிலோடு திரும்பியிருக்கிறீர்கள். காற்றில் கையை எடுக்கப் பயம். வியர்வையும் உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. இரண்டரை மணி நேரப் பந்தயத்தில் மணிக்கு 60 கிராமாவது மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். உங்களுக்கு அதில் கால்வாசியும் போகவில்லை. சனிக்கிழமை முடிந்ததும் முதல் நான்கு மணி நேரம், மணிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் வீதம், உங்களுக்கு 58 கிராம், எடுத்திருந்தால் ஞாயிறு காலை கால்கள் வேறு மாதிரி இருந்திருக்கும். மரங்களின் மறைவு குடிப்பதற்கான இடம், முன்னால் நகர்வதற்கான இடமும் அதுவே. முதலில் குடித்துவிட்டு நகருங்கள்.

அடுத்த மாதப் பந்தயத்துக்குப் பெயர் கொடுங்கள். பாதை தெரியும், வளைவு தெரியும். இனித் தெரிய வேண்டியது அன்றைய காற்றின் திசை மட்டும். முந்தின இரவு பாதைப் படத்தை எடுத்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அம்புக்குறி போட்டு, பக்கக்காற்று தொடங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு குறி வையுங்கள். அந்தக் குறிகளைச் சிறு தாளில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிக்கொள்ளலாம்.

அதற்குள் இரண்டு முறையாவது விசிறி பழக வேண்டும். ஐந்தாறு நண்பர்கள் போதும். விசிறி முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் வாகனங்கள் வராத, மூடப்பட்ட பாதையாகப் பாருங்கள். காற்று குறுக்கே வீசும் நேராக ஒரு கிலோமீட்டர் இருந்தால் நல்லது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் தொடங்கி, ஒவ்வொருவரும் பத்து விநாடி முன்னால் நின்று விலகுங்கள். ஓரத்தில் பள்ளமோ கல்லோ இல்லாமல் புல்லாக இருக்கிறதா என்று முதலில் நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் யாராவது ஒருவர் அதற்குள் இறங்கத்தான் செய்வார்.